வழமையான இனந்தெரியாதோர்: ஒரு களவுப் படமும் நகைச்சுவையின் சமுதாய நோக்கும்

வறியவர்களைப் பொருளாகக் கொண்டு நகைச்சுவை படைக்கலாமா என்பது முற்போக்கு இலக்கிய வட்டாரங்களில் அடிக்கடி எழும் வினாக்களுள் ஒன்று. துன்பப்படுவோனின் நிலைக்கு இரங்குவதும், அந்நிலைக்குக் காரணமானவற்றைக் கண்டு சினப்பதுமே சமுதாய உணர்வுள்ள கலைஞனின் கடன் என்றும், அவனைச் சிரிப்புக்கு இலக்காக்குவது அவனை இரண்டாம் முறை வஞ்சிப்பதற்கு ஒப்பாகும் என்றும் கருதுவோர் நம்மிடையே உளர். இக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மேடையிலும் திரையிலும் வேலைக்காரனும் நாட்டுப்புறத்தானும் கோமாளிகளாகவே வந்துபோன வரலாறு நீண்டது. அவர்களைக் கண்டு சிரித்தவர்கள் பெரும்பாலும் அவர்களுக்குக் கூலி கொடுப்பவர்களாகவே இருந்திருக்கின்றனர். ஆயினும் இவ்வினாவுக்கு ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல்லில் விடைகூறுவது விமர்சனமாகாது. குறிப்பிட்ட ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, அங்கே யார் சிரிக்கிறார், எதைக் கண்டு சிரிக்கிறார், சிரிப்பு அடங்கியபின் மனத்தில் எஞ்சுவது என்ன என்று பார்ப்பதே பயன்தரும் வழி. அதற்கு மிகவும் ஏற்றதொரு படைப்பு, 1958ஆம் ஆண்டில் மரியோ மொனிசெல்லி என்னும் இத்தாலிய நெறியாளர் உருவாக்கிய ‘இ சொலித்தி இஞ்ஞோத்தி’ என்ற திரைப்படம்.

இப்படத்தின் பெயரைத் தமிழில் ‘வழமையான இனந்தெரியாதோர்’ எனலாம். குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க முடியாத சிறு களவுகளைப் பற்றி எழுதும்போது இத்தாலியப் பொலிசாரும் பத்திரிகைகளும் கையாளும் தேய்ந்துபோன சொற்றொடர் அது. ‘இனந்தெரியாதோர்’ என்பது நமது பத்திரிகை வாசகர்களுக்கும் மிகப் பழகிய சொல். நம் நாட்டில் அது களவைக் காட்டிலும் கொடிய செயல்களுக்குத் திரையாகப் பயன்பட்ட காலங்கள் உண்டு; அது வேறு கதை. மொனிசெல்லியின் படத்தில் இச்சொல் பெறும் பொருள் யாது என்பதைப் பின்னர் காண்போம்.

படத்தின் நகைச்சுவை முழுவதும் இன்னொரு வகைப் படத்தின்மேல் கட்டப்பட்டது. ஆகவே அவ்வகைப் படத்தை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், திட்டமிட்ட பெருங்களவைக் கதையாகக் கொண்ட குற்றப்படங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செல்வாக்குப் பெற்றன. ஜோன் ஹஸ்டன் 1950இல் எடுத்த ‘அஸ்பால்ட் ஜங்கிள்’ இவற்றுள் முன்னோடி. அமெரிக்கக் கம்யூனிச எதிர்ப்பு வேட்டையில் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றுத் தொழிலிழந்து ஐரோப்பாவுக்கு வந்த ஜூல்ஸ் டாஸன், 1955இல் பிரான்சில் எடுத்த ‘ரிஃபிஃபி’ இவ்வகையின் உச்சம். பாரிஸ் நகரத்து நகைக்கடை ஒன்றைக் கொள்ளையிட நால்வர் திட்டமிடுகின்றனர். கடைக்கு மேலேயுள்ள வீட்டின் தளத்தைத் துளைத்து இறங்குகின்றனர். துளையின் வழியே ஒரு குடையைச் செலுத்தி விரித்து, இடிபாடுகள் கீழே விழுந்து ஓசையெழுப்பாமல் ஏந்திக்கொள்கின்றனர். ஏறத்தாழ அரைமணி நேரம் உரையாடல் இல்லை; இசையும் இல்லை. கருவிகளின் மெல்லிய ஓசையும் மனிதரின் மூச்சும் மட்டுமே.

அந்த அரைமணி நேரத்தில் நாம் வியப்பது எதனை? களவையன்று, வேலையை. நால்வருக்கிடையே அமைந்த வேலைப் பிரிவினை, ஒவ்வொருவனும் தன் கருவியின்மேல் கொண்ட ஆட்சி, ஒருவன் களைக்கும்போது மற்றவன் அவன் கையிலிருந்து உளியை வாங்கிக்கொள்ளும் ஒழுங்கு ஆகியவையே நம்மைக் கட்டிப்போடுகின்றன. தொழிற்சாலைக்குள் நடக்கும் உழைப்பை ஐந்து நிமிடமேனும் பொறுமையாகக் காட்டியறியாத வணிகத் திரையுலகம், கொள்ளையன் உழைப்பதை மட்டும் அரைமணி நேரம் பக்தியோடு காட்டுகிறது. உழைப்பின் அழகை உரிய இடத்தில் காணமுடியாத சமுதாயம் அதனை இரும்புப்பெட்டியின் முன்னே கண்டு மகிழ்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. களவுப் படங்களின் கவர்ச்சிக்கு இதுவே அடிப்படை. அக்கவர்ச்சியோடு ஒரு பொய்யும் கலந்திருக்கிறது: திறமையும் துணிவும் உள்ளவனுக்கு ஓரிரவு போதும், அவன் தன் வாழ்க்கையைத் தானே மாற்றிக்கொள்ளலாம் என்ற பொய். ‘ரிஃபிஃபி’யின் நால்வரும் இறுதியில் மடிந்துபோகின்றனர் என்பது உண்மைதான். ஆனால் பார்ப்பவன் நெஞ்சில் நிலைப்பது அந்த அரைமணி நேரமேயன்றி அவர்களது சாவன்று.

மொனிசெல்லி கைவைப்பது இந்தப் பொய்யின்மேல்.

கதை ரோம் நகரில் நடப்பது. மோட்டார் கார் ஒன்றைத் திருட முயன்று பிடிபட்டுச் சிறைசென்ற கொசிமோ என்பவனுக்கு அங்கே ஒரு மேசன் மூலம் ஓர் இரகசியம் கிடைக்கிறது. அடைவுகடை ஒன்றுக்கும் அதற்கு அடுத்துள்ள வீட்டுக்கும் இடையேயிருப்பது மெல்லிய சுவர். அதை இடித்தால் நேரே இரும்புப்பெட்டியிடம் போய்விடலாம். வெளியே வரவேண்டுமானால் தன் குற்றத்தைப் பணத்துக்காக ஏற்றுக்கொள்ளும் ஒருவன் வேண்டும். அவனது கூட்டாளிகள் அத்தகைய பலிக்கடாவைத் தேடி அலைகின்றனர். கடைசியில் அகப்படுபவன் பெப்பே, குத்துச்சண்டையில் தேறாத குத்துச்சண்டைக்காரன். நீதிமன்றம் அவன் வாக்குமூலத்தை நம்பாமல் இருவரையுமே உள்ளே தள்ளுகிறது. தனக்கு நெடுங்காலத் தண்டனை கிடைத்துவிட்டதாகப் பொய்கூறி அழுது, கொசிமோவிடமிருந்து இரகசியத்தைக் கறந்துகொண்டு, பெப்பே சிரித்தபடி வெளியே நடக்கிறான். இதன்பின் கூட்டம் சேர்கிறது. மனைவி சிகரெட் கடத்திச் சிறையிலிருக்க, கைக்குழந்தையோடு தனித்து நிற்கும் திபேரியோ கமரா இல்லாத புகைப்படக்காரன். அநாதை விடுதியில் வளர்ந்த இளைஞன் மாரியோ. தங்கையை வீட்டுக்குள் பூட்டிவைத்துக் காவல்காக்கும் சிசிலித்தீவினன் ஃபெரிபோத்தே. எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் கிழவன் கப்பன்னெல்லே.

களவுப் படத்தின் உறுப்புகள் அனைத்தும் இங்கே ஒழுங்காக இருக்கின்றன. திட்டம் உண்டு, ஒத்திகை உண்டு, வேவு உண்டு, நிபுணன் உண்டு. ஆனால் ஒவ்வோர் உறுப்பும் வறுமையைத் தொட்டவுடன் உருமாறிவிடுகிறது. இரும்புப்பெட்டி உடைக்கும் கலையைக் கற்பிப்பவன் பொலிஸ் கண்காணிப்பிலுள்ள பழைய கள்வன். புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் தோத்தோ ஏற்ற பாத்திரம் அது. அவன் தன் வகுப்பை நடத்துவது சலவைத் துணிகள் காயும் மொட்டைமாடியில்; பேராசிரியர் ஒருவரின் தோரணையோடு முறைகளை வரிசைப்படுத்தி விளக்குகிறான். பெட்டியின் இலக்க ஒழுங்கை அறிவதற்காகப் படம்பிடிக்கும் கருவி ஒன்று தேவைப்படுகிறது. அதையும் சந்தையில் திருடியே பெறவேண்டியிருக்கிறது. கையில் பொய்யாகப் பிளாஸ்டர் கட்டுப் போட்டுக்கொண்டு திபேரியோ அதைத் திருடுகிறான். பின்னர் கருவிக்குரியவன் அவனை அடையாளங்கண்டு அக்கையை மெய்யாகவே முறித்துவிடுகிறான். இத்தனை பாடுபட்டு எடுத்த படத்திலோ, வேண்டிய கணத்தில் வேண்டிய காட்சி மறைந்துவிடுகிறது. காலியாக இருக்கும் என்று எண்ணிய வீட்டில் இரு முதிய பெண்களும் அவர்களது பணிப்பெண் நிக்கொலெத்தாவும் வாழ்கின்றனர். களவு நடக்கும் இரவில் இவர்கள் உடைப்பது அடைவுகடைச் சுவரையன்று. வீட்டின் உணவறைக்கும் சமையலறைக்கும் இடையேயுள்ள சுவரை. இடிபாட்டைக் கடந்து தலைநீட்டியவர்கள் தாம் முன்பிருந்த வீட்டுக்குள்ளேயே நிற்கக் காண்கின்றனர். விடியுமுன் செய்வதற்கு வேறொன்றும் இல்லாமையால், அடுப்படியில் எஞ்சியிருந்த கடலையும் பாஸ்தாவும் கலந்த உணவைப் பகிர்ந்துண்கின்றனர். போதாக்குறைக்கு அடுப்பும் வெடித்துத் தொலைகிறது. மறுநாட் பத்திரிகையில், சுவரைத் துளைத்துச் சென்று கடலை தின்ற ‘வழமையான இனந்தெரியாதோர்’ பற்றிய சிறு செய்தி வெளிவருகிறது.

ஒரு கலைவடிவத்தின் நடையையும் உறுப்புகளையும் அப்படியே மேற்கொண்டு, அவற்றைப் பொருந்தாத இடத்திலே பொருத்தி நகைப்பது பகடி. பகடியில் இருவகை உண்டு. முதலாவது, உயர்ந்ததெனக் கருதப்படும் வடிவத்தைக் கொண்டு தாழ்ந்த மனிதனை அளந்து, அவன் அதற்குத் தகுதியற்றவன் என்று சிரிப்பது. இரண்டாவது, தாழ்ந்த மனிதனைக் கொண்டு அவ்வடிவத்தை அளந்து, அவ்வடிவம் பொய் என்று காட்டுவது. முதல்வகை மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு. இரண்டாவது விமர்சனம். மொனிசெல்லியின் படம் எவ்வகையைச் சார்ந்தது?

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் காட்டிய வகுப்பு. இவற்றுள் எள்ளலுக்கு உரைகூறும் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவதையும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுவதையும் இருவேறாகப் பிரித்துக் காட்டுவார். இந்நுட்பம் மனங்கொள்ளத்தக்கது. அதைப்போலவே, பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருக்கும் இயல்பே மடன் என்பர். பெப்பேயின் கூட்டத்தாரிடம் நாம் காணும் நகை முதன்மையாக மடனின் அடியாகப் பிறந்தது. பெப்பேக்குப் பிடித்தமான சொல் ‘விஞ்ஞானபூர்வமான’ என்பது. களவை விஞ்ஞானபூர்வமாகச் செய்யவேண்டும் என்று அவன் திக்கித் திக்கிச் சொல்லும்போது, அந்தச் சொல் அவனுடையதன்று, யாரோ அவனுக்குக் கொளுத்தியது என்பது வெளிப்படை. கொளுத்தியது யார்? குற்றக்கதைகளும், பத்திரிகைகளும், துணிந்தவனுக்கு இவ்வுலகில் எல்லாம் கைகூடும் என்று ஓயாது ஓதும் சமுதாயமும் அன்றோ? அவனைப் பார்த்துச் சிரிக்கும் நாம், அவனுக்குக் கொளுத்தப்பட்ட பாடத்தைப் பார்த்தே சிரிக்கிறோம். அப்பாடம் நமக்கும் கொளுத்தப்பட்டதுதான். ஆதலால் அந்தச் சிரிப்பு நம்மேலும் திரும்புகிறது.

இதனைப் படத்தின் சமுதாயப் பின்னணி உறுதிசெய்கிறது. 1950களின் இறுதி இத்தாலிய வரலாற்றில் ‘பொருளாதார அற்புதம்’ என்று புகழப்படும் காலத்தின் தொடக்கம். தெற்கிலிருந்தும் நாட்டுப்புறங்களிலிருந்தும் மக்கள் நகரங்களை நோக்கிப் பெருந்தொகையாகப் பெயர்ந்தனர். ஆனால் முசோலினியின் ஆட்சி 1939இல் நகரக் குடிப்பெயர்வைத் தடுப்பதற்கென இயற்றிய சட்டம், பாசிசம் வீழ்ந்து பதினைந்து ஆண்டுகள் கடந்தும் நீக்கப்படவில்லை. அச்சட்டப்படி, நகரில் வேலையில்லாதவன் அங்கே வதிவிடப் பதிவு பெறமுடியாது. வதிவிடப் பதிவில்லாதவன் முறையான வேலை பெறமுடியாது. 1961இலேயே அது ஒழிக்கப்பட்டது. எனவே இப்படம் வெளிவந்தபோது இத்தாலிய நகரங்களில் வாழ்ந்த எத்தனையோ மனிதர்கள், சட்டத்தின் ஏடுகளில் இல்லாத மனிதர்கள். இந்த உண்மையை வைத்துப் பார்க்கும்போது ‘இனந்தெரியாதோர்’ என்ற பெயர் வேறொரு பொருளைப் பெறுகிறது. பொலிசார் கண்டுபிடிக்காததால் அவர்கள் இனந்தெரியாதோர் ஆனவர்கள் அல்லர். களவுக்கு முன்னரும் எவரும் அவர்களை அறிய முயலவில்லை. ‘வழமையான’ என்ற அடைமொழியில் இருக்கும் கசப்பும் இதுவே. ஒவ்வொரு நாளும் அவர்கள் இருக்கின்றனர்; ஒவ்வொரு நாளும் அறியப்படாமலே இருக்கின்றனர்.

ஆகவே இவர்கள் ஏன் தோற்கின்றனர் என்ற கேள்விக்கு ‘முட்டாள்கள், ஆதலால்’ என்பது விடையாகாது. ‘ரிஃபிஃபி’யின் நால்வரிடம் இருந்த பயிற்சியும் கருவியும் காலமும் மூலதனமும் இவர்களிடம் இல்லை. தொழிலற்றவனிடம் தொழிற்றிறன் எங்கிருந்து வரும்? குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவன் ஒத்திகைக்கு எப்படி நேரத்துக்கு வருவான்? பெருங்களவு என்பதும் ஒரு பெருந்தொழிலே. அதிலும் முதலில்லாதவனுக்கு இடமில்லை என்பதைப் படம் சிரித்துக்கொண்டே நிறுவுகிறது. சட்டத்துக்கு உட்பட்ட வழியும் மூடியிருக்கிறது, சட்டத்துக்குப் புறம்பான வழியும் மூடியிருக்கிறது.

கொள்ளைக்கு இலக்காவது வங்கியன்று, அடைவுகடை என்பதும் தற்செயலன்று. இத்தாலியில் அடைவுகடை தனியாரின் வட்டிக்கடையாக மட்டும் இருந்ததில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால், கடும்வட்டிக்காரரிடமிருந்து ஏழைகளைக் காப்பதற்கென ‘மொந்தே தி பியெத்தா’ என்னும் பெயரில் பொது அடைவு நிலையங்கள் தோன்றின. பெருஜியாவில் 1462இலும், ரோமில் 1539இலும் அவை நிறுவப்பட்டன. சியெனா நகரில் 1472இல் இவ்வாறு தொடங்கிய நிலையமே உலகின் மிகப் பழைய வங்கிகளுள் ஒன்றாக இன்றும் சுட்டப்படுவது. இரக்கத்தின் பெயரால் பிறந்தது வங்கியாக வளர்ந்த வரலாறு தனியே எழுதத்தக்கது. இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று: அடைவுகடையின் இரும்புப்பெட்டிக்குள் இருப்பவை செல்வரின் வைரங்கள் அல்ல, ஏழைகளின் மோதிரங்களும் சங்கிலிகளும். பெப்பேயின் கூட்டம் வென்றிருந்தால், தம்மைப்போன்ற ஆயிரம் பேரின் கடைசி உடைமையையே அவர்கள் கொள்ளையிட்டிருப்பர். தனிமனிதத் தப்பித்தலின் உள்முரண்பாட்டை இதைவிடச் சுருக்கமாக எந்தச் சொற்பொழிவும் விளக்கிவிட முடியாது.

சிறையிலிருந்து வெளிவந்த கொசிமோ தனியாகச் சென்று அதே அடைவுகடையில் துப்பாக்கியை நீட்டும் காட்சி, படத்தின் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று. மிரட்டப்படவேண்டிய எழுதுவினைஞர் துப்பாக்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் பழுதுகளைக் குறித்துக்கொண்டு, அடைவுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று விலைசொல்கிறார். அங்கே வருகின்றவர்கள் எல்லோரும் கடைசிப் பொருளை நீட்டுகிறவர்கள். துப்பாக்கியும் அவருக்கு இன்னொரு கடைசிப் பொருள். கொள்ளையனின் வீரம் ஒரு கணத்தில் வாடிக்கையாளனின் வறுமையாகிவிடுகிறது. அதன்பின் அவன் ஒரு கைப்பையைப் பறிக்க முயன்று டிராம் வண்டியில் அடிபட்டு இறக்கிறான். இன்பியற் கதையின் நடுவில் ஒரு மெய்யான சாவு. மொனிசெல்லி அதை மென்மைப்படுத்தவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவன் தான் எதைப் பார்த்துச் சிரித்தான் என்று உணரும் இடம் அது.

அடைவுகடை இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. விற்றோரியோ டி சிக்கா 1948இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்’ என்ற படத்தை அறிந்தவர்கள் அதன் தொடக்கத்தை மறந்திருக்கமாட்டார்கள். வேலை கிடைத்தும் சைக்கிள் இல்லாமல் தவிக்கும் கணவனுக்காக, மனைவி வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகளைக் கட்டி எடுத்துச்சென்று இதே அடைவுகடையில் வைக்கிறாள். உயர்ந்து செல்லும் தட்டுகளில் நகரத்து ஏழைகளின் விரிப்புகள் எல்லாம் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருப்பதை அங்கே காண்கிறோம். அப்படத்தின் திரைக்கதை ஆசிரியர்களுள் ஒருவரான சூசோ செக்கி டமிக்கோ என்ற அம்மையாரே, பத்து ஆண்டுகளின்பின் ஆஜே, ஸ்கர்ப்பெல்லி, மொனிசெல்லி ஆகியோருடன் சேர்ந்து இப்படத்தையும் எழுதினார். வெளித்தோற்றத்தில் ‘ரிஃபிஃபி’யின் பகடியாக அமைந்த படைப்பு, உள்ளுறையில் ‘சைக்கிள் திருடர்’ படத்துடன் உரையாடுகிறது. 1948இல் அடைவுகடையின் முன் வரிசையில் நின்றவர்கள், 1958இல் அதன் சுவரைத் துளைக்க முயல்கின்றனர்.

இவ்விரு படங்களுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் நிகழ்ந்ததையும் மறத்தலாகாது. இத்தாலிய நவயதார்த்தவாதப் படங்கள் நாட்டின் வறுமையை உலகறியச் செய்தமை ஆளும் வர்க்கத்துக்கு உவப்பாக இருக்கவில்லை. 1949இல் அந்திரேயொத்தியின் பெயரால் அறியப்படும் சட்டம் படத்துறைக்கு அரச உதவியையும் அதனோடு அரச கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தது. ஓய்வூதியக் கிழவர் ஒருவரின் அவலத்தைக் கூறும் ‘உம்பர்த்தோ டி’ படத்துக்காக 1952இல் அதே அந்திரேயொத்தி டி சிக்காவைப் பகிரங்கமாகக் கண்டித்தார். நேரே பேசும் வழி இவ்வாறு நெருக்கப்பட்ட காலத்தில் நகைச்சுவை வேறொரு வழியைத் திறந்தது. அது நவயதார்த்தவாதத்தை நீர்த்துப்போகச் செய்துவிட்டது, வறுமையை இனிப்பாக்கி விற்றது என்ற குற்றச்சாட்டு அன்றே இத்தாலிய இன்பியற் படங்கள்மேல் சுமத்தப்பட்டது. பல படங்களைப் பொறுத்தவரை அது நியாயமான குற்றச்சாட்டே. ஆனால் அழுகை எப்போதும் உண்மையின் பக்கமும், சிரிப்பு எப்போதும் பொய்யின் பக்கமும் நிற்பதில்லை. வறியவனுக்காக அழுதுவிட்டு மனச்சாட்சி தெளிந்து வீடு திரும்பும் மத்தியதர வர்க்கத்துப் பார்வையாளனை நாம் அறிவோம். இப்படம் அவனுக்கு அந்த வசதியைக் கொடுக்கவில்லை. அதன் மாந்தர் இரக்கம் கோருவதில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்கள், ஒருவரையொருவர் ஏமாற்றுகிறார்கள், சண்டையிடுகிறார்கள்; குழந்தை அழுதால் முறைவைத்துத் தூக்கிக்கொள்கிறார்கள். அவர்களை நேசிப்பதற்கு அவர்கள் நல்லவர்களாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் படம் விதிக்கவில்லை. இதுவே உண்மையான மனிதாபிமானம் என்று நான் கருதுகிறேன்.

குறைகளையும் கூறவேண்டும். பூட்டிவைக்கப்பட்ட தங்கையாகக் கிளோடியா கார்டினாலேயும், பணிப்பெண்ணாகக் கார்லா கிராவினாவும் நடித்திருக்கின்றனர். சிசிலி அண்ணனின் மூர்க்கக் காவலைப் படம் கேலிசெய்கிறது. ஆனால் காவலிலிருக்கும் பெண்ணின் உள்ளத்துக்குள் அது நுழைவதில்லை. ஓர் ஆணின் கையிலிருந்து மற்றோர் ஆணின் கைக்கு மாறுவதே அவளுடைய விடுதலையாகக் காட்டப்படுகிறது. பிறர் வீட்டில் உழைத்துப் பிழைக்கும் நிக்கொலெத்தா, படத்தில் வேலை என்பதை உண்மையாகச் செய்யும் சிலருள் ஒருத்தி. அவளும் கதைக்கு ஒரு சாவியாகவே பயன்படுகிறாள். மேலும், சிசிலியன் என்றால் பொறாமைக்காரன் என்ற பிரதேச வாய்பாட்டையும் படம் சுரண்டிக்கொள்கிறது. அவ்வேடத்தை ஏற்ற திபேரியோ மூர்ஜா உண்மையில் சார்தினியாத் தீவைச் சேர்ந்தவர், ரோம் உணவுச்சாலை ஒன்றில் பாத்திரம் கழுவியவர் என்பதை அறியும்போது, திரையில் நாம் காணும் ‘பிரதேச இயல்பு’ எவ்வளவு செயற்கையானது என்பது புலனாகும். வர்க்கப் பொய்களை இவ்வளவு கூர்மையாகக் கண்ட கண்கள் இவற்றைக் காணாதது வருந்தத்தக்கதே.

இறுதிக் காட்சிக்கு வருவோம். களவு பொய்த்தபின் கூட்டம் கலைகிறது. பெப்பேயும் கிழவன் கப்பன்னெல்லேயும் விடிகாலைத் தெருவில் நடக்கின்றனர். பொலிசாரைக் கண்டு, கட்டட வேலைத்தளம் ஒன்றின் வாயிலில் நிற்கும் கூலியாட்களுக்கிடையே புகுந்துகொள்கின்றனர். கூட்டம் பெப்பேயை உள்ளே தள்ளிச்செல்கிறது. கிழவன் வெளியே தள்ளப்படுகிறான். உன்னை வேலை செய்யவைத்துவிடுவார்களே என்று அவன் பதறிக் கூவுகிறான். அரங்கம் சிரிக்கிறது. உழைப்பைத் தண்டனையாகக் காட்டும் இம்முடிவு பிற்போக்கானது என வாதிடலாம். ஆனால் அவ்வாயிலில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். வேலை தேடி வந்தவர்கள் முண்டியடித்து நெருக்குகின்றனர். வேலையை வேண்டாதவன் உள்ளே போகிறான். வேலைக்குத் தகுதியற்ற முதியவன் தெருவில் விடப்படுகிறான். சோம்பேறித்தனத்தைக் காட்டிலும் அங்கே மிகுதியாகத் தெரிவது, மனிதர்களை அவர்களுடைய விருப்பமோ திறனோ கேளாமல் உள்ளே இழுத்தும் வெளியே எறிந்தும் இயங்கும் ஒரு பொறி. ‘சைக்கிள் திருடர்’ படத்தின் நாயகனும் இறுதியில் மகனின் கைபற்றிக் கூட்டத்தில் கலந்து மறைகிறான். பெப்பேயும் கூட்டத்தில் கலந்தே மறைகிறான். அக்கூட்டத்துக்கு இன்னும் ஒரு குரல் இல்லை.

அந்தக் குரலை மொனிசெல்லி பின்னர் தேடினார் என்பது என் கருத்துக்குத் துணைநிற்கிறது. 1963இல் அவர் ஆஜே, ஸ்கர்ப்பெல்லி இருவருடனும் எழுதி எடுத்த ‘இ கொம்பாஞ்ஞி’, அதாவது ‘தோழர்கள்’, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தூரின் நகரத்து நெசவாலைத் தொழிலாளர் பதினான்கு மணிநேர வேலைநாளில் ஒரு மணிநேரத்தைக் குறைக்கக் கோரி நடத்திய வேலைநிறுத்தத்தின் கதை. முன்பு திபேரியோவாக நடித்த மார்ச்செல்லோ மஸ்ட்ரோயானி இங்கே தொழிலாளரை அணிதிரட்டும் பேராசிரியராகிறார். அதிலும் சிரிப்பு உண்டு. பசிவந்த பேராசிரியர் பிறரின் உணவைப் பார்க்கும் பார்வையில் கடலை தின்ற கள்வரின் சாயல் உண்டு. போராட்டம் தோற்கிறது. படையினரின் குண்டுக்கு ஒரு சிறுவன் இரையாகிறான். எவன் படிக்கவேண்டும் என்று அவன் பாடுபட்டானோ, அந்தத் தம்பியே இறுதிக் காட்சியில் ஆலைவாயிலுக்குள் நுழைகிறான். 1958இன் வாயிலையும் 1963இன் வாயிலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் ஒருவனுக்கு, முதற்படத்தின் சிரிப்பு எதிலிருந்து பிறந்தது என்பதில் ஐயம் இராது. வேலைத்தளத்தின் வாயிலில் கண்ட கேள்வியை அதே கலைஞர்கள் ஆலையின் வாயிலில் மீண்டும் எழுப்பினர். இம்முறை கூட்டத்துக்குக் குரல் இருந்தது.

பெப்பேயின் கதை பின்னர் பலமுறை மறுபிறப்பெடுத்தது. 1959இல் இத்தாலியிலேயே அதன் தொடர்ச்சி வந்தது. 1984இல் லூயி மால் அதனை ‘கிராக்கர்ஸ்’ என்ற பெயரில் சான் பிரான்சிஸ்கோவுக்கும், 2002இல் ருசோ சகோதரர் ‘வெல்கம் டு கொலின்வூட்’ என்ற பெயரில் கிளீவ்லண்டுக்கும் கொண்டுசென்றனர். ஆயினும் உலகச் சந்தையில் வெற்றிவாகை சூடியது பகடியன்று. பகடி செய்யப்பட்ட மூலமே. அழகிய உடை, குறையற்ற திட்டம், தவறாத கருவி ஆகியவற்றோடு கூடிய கொள்ளைக் கதைகளை இன்றைய மாணவர்கள் கைபேசித் திரையிலும் இரவிரவாகப் பார்க்கின்றனர். கொள்ளைத் தலைவனின் படத்தைச் சட்டையில் அணிகின்றனர். அவர்களைக் கடிந்து பயனில்லை. தொழில் நிச்சயமற்ற ஒரு காலத்தில், ஓரிரவில் விடிந்துவிடும் என்ற கனவு இளைஞர்களை இழுப்பது இயல்பே. அவர்களோடு சேர்ந்து மொனிசெல்லியின் படத்தைப் பார்ப்பதும், சிரித்து முடிந்தபின் ‘சுவர் எங்கே மாறிப்போயிற்று?’ என்று கேட்பதும் ஆசிரியராக உள்ள நாம் செய்யக்கூடியவை.

வறியவனைப் பார்த்துச் சிரிக்கலாமா என்ற வினாவோடு தொடங்கினோம். அவன் வறியவனாக இருப்பதைப் பார்த்துச் சிரிப்பது இழிவு. அதனைக் கண்டிக்க முற்போக்காளன் தயங்கலாகாது. அவனுக்கு விற்கப்பட்ட கனவைப் பார்த்து, அவனோடு உடன்நின்று சிரிப்பது வேறு. அவ்வாறு சிரிக்கும்போது அக்கனவை விற்றவர்கள் யாரென்று தேடும் எண்ணம் பிறக்கிறது. ஒரே அடுப்படியில் கடலையைப் பகிர்ந்துண்ட அந்த மனிதர்களின் பெயர்கள் மறுநாட் பத்திரிகையில் இல்லை. படத்தைப் பார்த்த நமக்கோ அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் தெரியும். இனந்தெரியாதோர் என்று ஏடுகள் எழுதிவைத்தவர்களை இனந்தெரியச் செய்வது யதார்த்த இலக்கியத்தின் முதற்பணி என்றால், அப்பணியைச் சிரிப்பாலும் செய்யலாம் என்பதற்கு இப்படம் சான்று.